இங்கிலாந்து பாரிஷ் பதிவேடுகளை வைத்துக் குடும்ப வரலாற்றை எவ்வளவு தூரம் தேடலாம்?

உங்கள் மருமகனின் முன்னோர் இங்கிலாந்துக் கிராமத்துக்காரர்கள், பேரப்பிள்ளைகளுக்காக அந்தப் பக்கத்து வம்சத்தையும் எழுதி வைக்க ஆசை, சர்ச் பதிவேடுகள் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாகவே உதவும். என் கணவர் இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கத்து ஆள். தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக் கூலி வேலை செய்த குடும்பம். அப்படிப்பட்டவர்களையும் 1700களின் நடுப்பகுதி வரை பிடித்துவிடலாம். ஊரைவிட்டு நகராத குடும்பமாக இருந்தால் இன்னும் பின்னால் போகலாம்.

முதலில் ஊரைக் கண்டுபிடியுங்கள். அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர் எந்த பாரிஷ் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) என்பதை 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்லும். 1841 கணக்கெடுப்பில் அது கிடையாது. குடியிருக்கும் கவுண்ட்டியில் (நம் மாவட்டம் போல) பிறந்தவரா இல்லையா என்பது மட்டும்தான் இருக்கும்.

பாரிஷ் பதிவேடுகள் 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவில் ஆரம்பித்தவை. ஆனால் அவை பதிவு செய்தது சடங்குகளை. ஷேக்ஸ்பியரையே பாருங்கள். ஸ்ட்ராட்ஃபோர்டு பதிவேட்டில் 1564 ஏப்ரல் 26 என்று இருப்பது அவருடைய ஞானஸ்நான நாள். பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் ஏப்ரல் 23 ஓர் ஊகம். அந்தப் பக்கமும் மூலமல்ல. பழைய தாள் ஏடுகளைத் தோல் ஏட்டில் படியெடுக்கச் சொல்லி 1598-இல் வந்த உத்தரவுக்குப் பிறகு எழுதிய படி. அவருடைய திருமணப் பதிவு எந்த சர்ச்சிலும் கிடைக்கவில்லை. வூஸ்டர் பிஷப் அலுவலகத்தில் 1582 நவம்பர் 28-இல் திருமண அனுமதிக்காக எழுதிய பிணைப் பத்திரத்தால்தான் தெரிகிறது. அதில் மணப்பெண் ஹாத்வே. அதே அலுவலகத்தின் முந்தின நாள் குறிப்பில் வாட்லி! எனவே பெயரின் எழுத்து மாறியிருக்கிறது என்பதற்காக ஒரு பதிவை ஒதுக்கிவிடாதீர்கள். பாரிஷ் ஏட்டில் ஓட்டை இருந்தால், ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பிய படிகளைத் தேடுங்கள். 1642 முதல் 1660 வரை, உள்நாட்டுப் போரும் அதன் பின்விளைவும், பல ஊர்களில் இரண்டுமே இருக்காது.

இன்னொன்று, 1752 வரை அங்கே புத்தாண்டு மார்ச் 25. 1584 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1585.

1754-க்குப் பிறகு திருமணப் பதிவில் மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும் என்றானது. என் கணவரின் முன்னோர் ஒருவரின் பதிவில் மணமகன் போட்டது ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் 'இவர் குறி' என்று பாதிரியாரின் எழுத்து. அதற்குக் கீழே மணமகள் தன் முழுப் பெயரையும் கோணல்மாணலாக, ஓரிடத்தில் மை தெறிக்க, எழுதியிருக்கிறாள். கூலிக்காரர் வீட்டுப் பெண்ணின் கையெழுத்து அவ்வளவு காலம் கழித்து நமக்குக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்! 1813 முதல் அச்சடித்த படிவம் வந்தது. ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் குடியிருந்த இடமும் சேர்ந்தன.

ஆனால் ஏழைக் குடும்பமென்றால், இவற்றைவிட நான் பெரிதாக நினைப்பது ஏழை நிவாரணத் தாள்களை. 1662 சட்டப்படி, உதவி கேட்பவர் எந்த பாரிஷைச் சேர்ந்தவரோ அதுதான் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் மாஜிஸ்திரேட் விசாரித்து வாக்குமூலம் எழுதுவார்: எங்கே பிறந்தாய், யாரிடம் ஒரு வருடம் முழுக்க வேலை பார்த்தாய், என்ன கூலி. (ஒரு வருடம் முடிந்தால் அந்த பாரிஷில் உதவி கேட்கும் உரிமை வந்துவிடுமென்று 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்த பண்ணைக்காரர்களும் உண்டு.) எங்கள் குடும்பத்தில் ஒரு விதவையின் வாக்குமூலம் கிடைத்தது. கணவனின் ஊர், கல்யாணம் நடந்த சர்ச், பிள்ளைகளின் பெயர், வயது எல்லாம் ஒரே தாளில். பெண்ணுக்குக் கணவனின் பாரிஷ்தான் என்பது சட்டம். அவள் ஒரு நாளும் வாழ்ந்திராத ஊருக்குப் பிள்ளைகளோடு அனுப்பிவிட்டார்கள். பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால், அந்தக் குடும்பம் ஏன் ஓர் ஊரில் மறைந்து இன்னோர் ஊரில் முளைத்தது என்றே புரிந்திருக்காது.

ஃப்ரீரெக், ஃபேமிலிசர்ச் என்ற இணையதளங்கள் இரண்டும் இலவசம். அவற்றின் அட்டவணையோடு நிற்காமல், மூலப் பக்கத்தின் படத்தையும் பாருங்கள். அப்புறம், ஞானஸ்நானம் கிடைத்தவுடன் அடக்கப் பதிவேட்டையும் பார்த்தே ஆக வேண்டும். குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பது அங்கே சாதாரணம். இணையத்தில் கிடைக்கும் வம்சாவளிகள் பலவற்றில், இரண்டு வயதில் அடக்கமான குழந்தைக்குக் கல்யாணமே செய்து வைத்திருக்கிறார்கள்.

மருமகனின் குடும்பம் எந்தக் கவுண்ட்டி என்று சொல்லுங்கள். அந்த ஆவணக் காப்பகத்தில் எதை எப்படிக் கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன்.