டிவியில் ஜெல்லிஃபின் (வீட்டிலுள்ள படங்களை டிவிக்கு அனுப்பும் மென்பொருள்) வழியாகப் பார்க்க, படங்களை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எச்.265 வடிவத்துக்கு மாற்றும்போது லேப்டாப் 97 டிகிரி போய் அணைந்துவிடுவதற்கு

வீடியோ பகுதியில் என்கோடரை (வீடியோவைச் சுருக்கும் கருவி) சிபியுவில் ஓடும் எக்ஸ்265-லிருந்து, கிராஃபிக்ஸ் சிப்பில் ஓடும் எச்.265 இன்டெல் க்யூஎஸ்விக்கு மாற்றுங்கள். உங்கள் லேப்டாப்பில் இருப்பது இன்டெல் 6-ஆம் தலைமுறை ஐ5 பிராசசர் என்று சொன்னீர்கள், அதன் கிராஃபிக்ஸ் சிப்பிலேயே இந்த வேலைக்கென்று தனிப் பகுதி உண்டு.

எக்ஸ்265 எல்லா கோர்களையும் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டும், லேப்டாப்பின் சின்ன ஃபேன் அதைத் தாங்காது, பாதியில் அணைவது பெரும்பாலும் அதனால்தான்.

மாற்றியதும் டாஸ்க் மேனேஜரில் இன்டெல் ஜிபியு பக்கத்தைப் பாருங்கள். அங்கே கோடு ஏறி, சிபியு பயன்பாடு நன்றாக இறங்கினால் சரி. அந்த என்கோடர் பட்டியலிலேயே இல்லையென்றால் முதலில் இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். அப்புறமும் சூடு குறையவில்லையா, பவர் ஆப்ஷன்ஸில் பிராசசரின் அதிகபட்ச நிலையை 99 சதவீதம் வையுங்கள், டர்போ (பிராசசர் தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்வது) நின்றுவிடும். ஃபேனில் தூசி அடைத்திருந்தால் இதெல்லாம் அரைகுறையாகத்தான் உதவும்.

ஒன்று கவனம்: அதே தரத்துக்கு க்யூஎஸ்வி ஃபைல் கொஞ்சம் பெரிதாக வரும், உங்கள் சிப்பில் எச்.265-ஐ 8 பிட் நிற ஆழத்தில் மட்டும்தான் உருவாக்க முடியும், 10 பிட் 7-ஆம் தலைமுறையிலிருந்துதான்.

படங்கள் ஏற்கெனவே எச்.264 என்ற பழைய வடிவத்தில் இருந்து, டிவி அதை நேரடியாக இயக்கினால், இடம் மிச்சம் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவரை, ஜெல்லிஃபினுக்காக அந்தப் படங்களைத் தொடவே வேண்டாம்.