பல் மருத்துவர்களுக்கு ஸ்டடி கிளப்: கேட்டீர்கள், சொல்கிறேன்

திருச்சியில் 22 வருடமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். 11 வருடமாக நாங்கள் பத்துப் பேர் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு கூடி, அவரவர் கேஸ்களைப் பேசுகிறோம். இதில் சேருவது பற்றி ஜூனியர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

சேலத்திலிருந்து, பிடிஎஸ் (பல் மருத்துவப் பட்டம்) முடித்து இரண்டு வருடம்: ஐடிஏ (இந்திய பல் மருத்துவச் சங்கம்) கிளை நடத்தும் சிடிஇ (தொடர் பல் மருத்துவக் கல்வி) நிகழ்ச்சிகளுக்கு ஒழுங்காகப் போகிறேன். அப்புறம் ஸ்டடி கிளப் எதற்கு?

அதற்கும் போங்கள், விடாதீர்கள். ஆனால் அங்கே பேச்சாளர் தன்னுடைய சிறந்த கேஸைக் காட்டுவார், நீங்கள் உட்கார்ந்து பார்ப்பீர்கள். கிளப்பில் உங்கள் கேஸ் திரையில் வரும். ஆறு மாதம் கழித்து அதே ஆட்கள், "அந்தப் பல் எப்படி இருக்கிறது, திரும்ப வரவழைத்து எடுத்த ரீகால் எக்ஸ்ரே எங்கே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே வேலை திருந்தும்.

மதுரையிலிருந்து: மேடம், நான் பிடிஎஸ் மட்டும்தான். எம்டிஎஸ் (முதுகலை) படித்தவர்கள் முன்னால் என் கேஸைக் காட்டக் கூச்சமாக இருக்கிறது.

எனக்கும் இருந்தது. நான் முதன்முதலில் கொண்டுபோனது ஒரு மேல் வலது முதல் கடைவாய்ப் பல். வேர் சிகிச்சை செய்து மூன்று கெனாலை (வேருக்குள் ஓடும் கால்வாய்) அடைத்திருந்தேன், எக்ஸ்ரேயில் அடைப்பு நுனிவரை அழகாக இருந்தது. எட்டு மாதத்தில் அந்த அம்மா, கடித்தால் வலிக்கிறது என்று திரும்ப வந்துவிட்டார். மேலே மாட்டிய கேப் உயரமோ என்று இரண்டு முறை தேய்த்து விட்டேன். வலி போகவில்லை.

படத்தைப் பார்த்த எண்டோ (வேர் சிகிச்சை) சீனியர் கேட்டது ஒன்றுதான்: "நேராக மட்டும்தான் எடுத்தீர்களா?" மறுநாளே அந்த அம்மாவை வரச் சொல்லி, எக்ஸ்ரே கூம்பை முன்பக்கமாகச் சற்றுத் திருப்பி எடுத்தேன். முன்வெளி வேரின் நடுவில் இருக்க வேண்டிய அடைப்பு ஒரு பக்கமாக ஒதுங்கித் தெரிந்தது. அப்படியென்றால் இன்னொரு பக்கம் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. எம்பி-2, அதாவது அதே வேரின் இரண்டாவது கெனால்! பாதிக்கு மேற்பட்ட மேல் முதல் கடைவாய்ப் பற்களில் அது உண்டு என்று கல்லூரியில் படித்ததுதான். கேப்பைக் கழற்றி, பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் டேம் போட்டு, லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) மாட்டிக்கொண்டு தேடினேன். முதல் கெனால் வாயிலிருந்து அண்ணப் பக்கமாகப் போகும் கோட்டில், டென்டின் (பல்லின் உள்திசு) ஒரு சிறு திண்ணை மாதிரி மூடிக்கொண்டிருந்தது. அல்ட்ராசானிக் டிப்பால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்ததும், எட்டாம் நம்பர் ஃபைல் (கெனாலைத் துழாவும் மெல்லிய ஊசி) போய்ச் சிக்கென்று பிடித்தது. அந்தப் பிடி இன்னும் என் விரலில் இருக்கிறது.

அன்று அறையில் யாரும் என் பட்டத்தைக் கேட்கவில்லை. சொல்லப்போனால், அந்த சீனியரே அடுத்த மாதம் தான் ஃபைல் உடைத்த கேஸைக் கொண்டுவந்தார். நீங்கள் சேரப்போகும் கிளப்பில் பெரியவர்கள் தங்கள் தோல்வியை வைக்கிறார்களா என்று பாருங்கள். வைக்கவில்லை என்றால் வேறு கிளப் தேடுங்கள் தம்பி.

நாமக்கல்லிலிருந்து: சிடிஇ பாயிண்ட் கிடைக்குமா?

தானாகக் கிடைக்காது. மாநில டென்டல் கவுன்சில் முன்கூட்டியே அங்கீகரித்த நிகழ்ச்சிக்குத்தான் பாயிண்ட். 1948-ம் வருட பல் மருத்துவர் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. அதனால் இன்றைய விதியைக் கவுன்சிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: ஓர் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) கம்பெனி இலவசமாக ஸ்டடி கிளப் நடத்துகிறது. ஹோட்டலில் சாப்பாடும் உண்டு. சேரலாமா?

போய்ப் பாருங்கள், தப்பில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே தோற்றுப்போன இம்பிளான்ட் ஒன்றையாவது காட்டுகிறார்களா? "இந்த நோயாளிக்கு பிரிட்ஜே போதும்" என்று யாராவது சொல்ல முடிகிறதா? முடியாது என்றால் அது விற்பனைக் கூட்டம். எங்கள் கிளப்பில் டீக்கும் வடைக்கும் நாங்களே பணம் போட்டுக்கொள்கிறோம். கம்பெனி ரெப்புகளை உள்ளே விடுவதில்லை. இதில் நான் பிடிவாதக்காரி.

இங்கிலாந்து லெஸ்டரிலிருந்து: அக்கா, இங்கே ஜிடிசி (பல் மருத்துவர்களைப் பதியும் கவுன்சில்) கேட்கும் தொடர்கல்வி மணிநேரத்தில் கிளப் சேருமா?

சேரும், சான்றிதழ் சரியாக இருந்தால். பல் மருத்துவருக்கு ஐந்து வருடத்தில் 100 மணிநேரம் வேண்டும், அடுத்தடுத்த எந்த இரண்டு வருடத்திலும் 10-க்குக் குறையக்கூடாது. தேதி, மணிநேரம், கற்றல் நோக்கம், உங்கள் பெயர் எல்லாம் சான்றிதழில் இருக்க வேண்டும். கூட்டம் முடிந்த கையோடு வாங்கிவிடும்மா. வருடக் கடைசியில் அலையக்கூடாது.

புதுக்கோட்டையிலிருந்து: நோயாளிகளின் போட்டோவை கிளப் வாட்ஸப் குழுவில் போடலாமா?

எழுத்துமூலம் சம்மதம் வாங்காமல் போடாதீர்கள். எக்ஸ்ரேயின் மூலையில் பெயரும் வயதும் இருக்கும், அதை முதலில் வெட்டுங்கள். சிரிப்பு போட்டோவில் கண் தெரியவே வேண்டாம். சின்ன ஊரில் உதட்டு மச்சத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

காரைக்குடியிலிருந்து: எங்கள் ஊரில் கிளப் இல்லை. நானே ஆரம்பிக்கலாமா? எதிர்த்தெரு கிளினிக்காரர் வருவாரா என்றும் தெரியவில்லை.

முதலில் அவரைத்தான் கூப்பிடுங்கள். நேரில் போய்க் கூப்பிடுங்கள், மெசேஜ் வேண்டாம். ஆறு பேர் கிடைத்தால் போதும், 12-க்கு மேல் போனால் பேசாதவர்கள் பேசாமலேயே இருந்துவிடுவார்கள். கட்டணம், நோயாளி யாரிடம் போனார் என்ற பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். ஒருவர் மாற்றி ஒருவர் இரண்டு கேஸ், அதில் ஒன்று சரியாக வராதது.

முதல் கூட்டத்துக்கே கேஸ் கேட்டால் தயங்குவார்கள். அதனால் செய்முறையில் ஆரம்பியுங்கள். இப்போதிருந்தே பிடுங்கிய மேல் கடைவாய்ப் பற்களைச் சேர்த்து வையுங்கள். அமால்கம் இல்லாதவற்றை ஆட்டோகிளேவில் போடலாம். அமால்கம் அடைத்த பல்லைச் சூடுபடுத்தினால் பாதரச ஆவி வரும். அவற்றை 10 சதவீத ஃபார்மலினில் இரண்டு வாரம் ஊறவிடுங்கள். ஆளுக்கு இரண்டு பல், எட்டாம் நம்பர் ஃபைல், நல்ல வெளிச்சம். எம்பி-2 தேடச் சொல்லுங்கள். எதிர்த்தெருக்காரரை உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள்.