ஓடிப்போன தகப்பன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒரு வருடமாக ஸ்டோயிக் என்ற பழைய கிரேக்கத் தத்துவம் படிக்கிறேன். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று தினமும் நோட்டில் எழுதுகிறேன். காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறேன். அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோதுகூட, போய்ப் பார்த்தால் உடைந்துவிடுவேன், அது என் கையில் இல்லை என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். ஊரில் தங்கை பார்த்துக்கொள்கிறாள். ஆனால் மேலாளர் எல்லோர் முன்னாலும் திட்டினால் அன்று முழுக்கக் கொதிக்கிறது. இதை எப்படிக் கடப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

திட்டு வாங்கினால் கொதிக்கத்தான் செய்யும், ராத்திரிக்குள் ஆறிவிடும். பச்சைத் தண்ணீர் உங்கள் சௌகரியம். என்னை எழுத வைத்தது அப்பாவைப் பற்றிய அந்த வரிதான். கொஞ்ச நாளாக நானும் ஸ்டோயிக் ஞானியான எபிக்டெட்டஸைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நோட்டில் நீங்கள் எழுதும் பிரிவினை அவருடையது. அடிமையாக வாழ்ந்து, விடுதலை பெற்று, கிரேக்கத்தில் உள்ள நிகோபொலிஸில் பள்ளி நடத்தியவர். அவர் பேசியதை மாணவர் அரியன் எழுதிவைத்தார். அதில் ஓர் அதிகாரி வருகிறார். மகளுக்கு உடம்பு மோசமானபோது பார்க்கப் பொறுக்காமல் வீட்டை விட்டே போய்விட்டவர். குணமாகிவிட்டது என்று தெரியும்வரை அந்தப் பக்கம் வரவில்லை. பாசத்தால்தான் போனேன் என்கிறார். எபிக்டெட்டஸ் அவரை விடுவதாக இல்லை. தாய்க்கு மகள்மேல் பாசம் இல்லையா? அப்படியானால் அவளும் போயிருக்க வேண்டுமா? செவிலியும்? நீ நோயில் கிடக்கும்போது உன் வீட்டார் இப்படிப் பாசம் காட்டினால் உனக்குச் சம்மதமா?

தம்பி, இதையேதான் உங்களிடம் கேட்கிறேன். பக்கவாதம் உங்கள் கையில் இல்லை, சரி. தங்கையின் கையில் இருக்கிறதா? ரயில் ஏறுவது யார் கையில் இருக்கிறது? புரட்டிப் படுக்கவைப்பது, முதுகு துடைப்பது, வேட்டி மாற்றுவது? என் பெரியப்பா இப்படிக் கிடந்தபோது அண்ணன் ஸ்பூனை வாயின் கோணாத பக்கமாக வைத்து, விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய் கொடுப்பார். அரை டம்ளர் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

சிலைபோல உணர்ச்சியற்று இருக்கக் கூடாது, மகனாகவும் சகோதரனாகவும் செய்ய வேண்டியதைச் செய் என்று சொன்னவரும் அதே எபிக்டெட்டஸ்தான். உங்களுக்கு வசதியான பாதியை மட்டும் நோட்டில் ஏற்றியிருக்கிறீர்கள். உடைந்துவிடுவேன் என்று பயமா? அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுங்கள், தப்பே இல்லை.

ஒரு வாரமாவது லீவு போடுங்கள். தங்கை ராத்திரி முழுக்கத் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். மேலாளர் லீவு தர மறுத்தால் எழுதுங்கள், அப்புறம் அவரைப் பற்றிப் பேசலாம்.