காதலனும் போனான், தோழியும் போனாள்: அழும் மகளிடம் அம்மா என்ன பேசலாம்?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. குடியாத்தத்தில் பிளஸ் ஒன் படிக்கிறாள். டியூஷனில் ஒரு பையனோடு பல மாதமாகக் காதல் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். அவன் இவளுடைய நெருங்கிய தோழியோடும் அதே மாதிரி பழகியிருக்கிறான். பத்து நாளாக அழுகை, சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரியெல்லாம் போன். டியூஷன் வேண்டாம் என்கிறாள். போனை வாங்கி வைத்துவிடலாமா? அவள் அப்பாவிடம் சொல்லலாமா? விஷயம் இதோடு முடிந்ததே என்று எனக்குள் ஒரு நிம்மதி இருப்பதும் உண்மை.

பதில்: நிம்மதி இருக்கட்டும், தப்பில்லை. முகத்தில் மட்டும் காட்டாதீர்கள். "நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது", "இந்த வயசுல உனக்கு இது தேவையா?" என்ற இரண்டையும் இப்போதைக்கு விழுங்கிவிடுங்கள். கேட்ட மாத்திரத்தில் அவள் வாயை மூடிக்கொள்வாள். அப்புறம் உங்களுக்கு எதுவும் தெரியவராது. துக்க வீட்டில் சொத்துக் கணக்கு பேச மாட்டோம் இல்லையா? காதலித்தது சரியா தப்பா என்ற பஞ்சாயத்தும் கொஞ்சம் தள்ளிப் போகட்டும்.

பெரியவர்கள் பையன் போனதை மட்டும்தான் பார்ப்பார்கள். இப்படி வரும் பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் பேசிப் பாருங்கள், பாதிப் பேச்சு தோழியைப் பற்றித்தான் இருக்கும். அந்தப் பையனோடு சண்டை வந்தபோதெல்லாம் உங்கள் மகள் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பாள்? இப்போது சொல்லி அழும் ஆளும் இல்லை. போதாததற்கு, டியூஷனில் பலருக்கு விஷயம் முன்பே தெரிந்திருக்கும். 'எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியலை' என்ற அவமானம் சாதாரணமானதல்ல. டியூஷன் வேண்டாம் என்பது படிப்பின் மேல் வந்த வெறுப்பாக இருக்காது. அந்த முகங்களைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். சில நாள் லீவு போடட்டும், பிறகு வேறு பேட்ச் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். மொத்தமாக நிறுத்திவிட்டால் திரும்பப் போவது இன்னும் கஷ்டமாகிவிடும்.

"வாழ்க்கையே போச்சு" என்று அவள் சொன்னால் அதை நடிப்பு என்று நினைக்காதீர்கள். இந்த வயதில் உணர்ச்சிகளைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் படுவேகமாக இயங்கும். நிதானமாக யோசிக்க வைக்கும் முன்பகுதி முழுதாக முதிர 25 வயதை ஒட்டி ஆகிவிடும்.

எதிரே உட்கார வைத்து விசாரித்தால் பேச மாட்டாள். பூ கட்டும்போது, காய் நறுக்கும்போது, பக்கத்தில் அவளும் இருக்கும்போது, "ரெண்டு பேருமே இப்படிப் பண்ணிட்டாங்களேன்னு இருக்காடா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சீக்கிரமோ தாமதமோ ஒரு கேள்வி வரும்: "என்கிட்ட இல்லாதது அவகிட்ட என்ன இருக்கு?" நிறம், முடி, மார்க் என்று ஒப்பிட்டுக்கொண்டே இருப்பாள். "நீதான்டி அழகு" என்று பதில் சொன்னால் போட்டியை நீங்களே நடத்தியது போல ஆகிவிடும். "பொய் சொன்னது அவன் பண்ணின வேலை. உன் நிறத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை" என்று சொல்லுங்கள். தோழியையும் திட்டாதீர்கள். அவளிடமும் அவன் பொய் சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் இருவரும் ராசியானால், உங்கள் மகள் அதை உங்களிடம் மறைக்க வேண்டிவரும். அவனே மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு. அப்போதும் அவள் முதலில் உங்களிடம் சொல்லும்படி இருக்க வேண்டும்.

போனைப் பிடுங்க வேண்டாம். அவளுக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். ஆனால் ராத்திரி போன் கூடாது. அந்த இருவரின் ஸ்டேட்டஸ், ஸ்டோரி, 'லாஸ்ட் சீன்' இவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் தூக்கம் போகிறது. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பத்து மணிக்கு மேல் வீட்டில் எல்லார் போனும் ஹாலில்தான் சார்ஜ் ஆகும் என்று வையுங்கள், உங்கள் போனும் சேர்த்து. சாட் ஸ்கிரீன்ஷாட்டை வகுப்பு குரூப்பில் போட்டு மானத்தை வாங்குகிறேன் என்று கிளம்பினால் தடுத்துவிடுங்கள், வினை இவளுக்கே திரும்பும். அவனிடம் இவளுடைய படங்கள் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கோபப்படாமல் கேளுங்கள். அதை வைத்து மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசலாம். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் போக்சோ சட்டப்படி குற்றம்.

பையன் வீட்டுக்குப் போய் நியாயம் கேட்காதீர்கள். நம் ஊரில் பேச்சு எங்கே திரும்பும் என்று உங்களுக்கே தெரியும். அவன் என்ன சாதி என்பது முதல் கேள்வியாக வரும், பிள்ளையின் அழுகையை அதற்கப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

சாதாரணமாக இந்தத் துக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இரண்டு வாரம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம், குளியல் எதுவும் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கையைக் கீறிக்கொள்வது, "நான் இல்லாமப் போனா நல்லா இருக்கும்" என்ற பேச்சு, பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சி மருந்து எல்லாவற்றையும் அவள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கேயே பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. பாகாயம் என்றதும் முகம் சுளிக்கும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அப்பா விஷயம். அவர் கை நீட்டக்கூடியவரா, பள்ளியை நிறுத்திவிடு என்பவரா? அப்படியென்றால் இப்போதைக்கு "மனசு சரியில்லை, தோழியோட சண்டை" என்பது போதும், அதுவும் பொய்யில்லை. பொறுமையாகக் கேட்பவர் என்றால், மகளிடம் முதலில் சொல்லிவிட்டு அவரிடம் பேசுங்கள். மேலே சொன்ன ஆபத்தான அறிகுறி ஏதாவது தெரிந்தால் மட்டும் மகள் வேண்டாம் என்றாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். அவர் கோபக்காரராக இருந்தால் அத்தையையோ தாத்தாவையோ, யார் சொன்னால் அவர் கேட்பாரோ அப்படி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.