மாமரத்திற்கு நீரை எப்போது நிறுத்த வேண்டும், எப்போது பாய்ச்ச வேண்டும்?

பூக்கும் பருவம் வரை தவறாமல் நீர் பாய்ச்சியும் மரம் தழைக்கிறதே ஒழியப் பூக்கவில்லை, அது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் ‘தவறாமல்’ என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நானும் மரம் வாடிவிடுமோ என்று இரக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் இதையே செய்தேன்; கிடைத்தது இலைதான்.

மாவில் பூங்கொத்து பெரும்பாலும் முதிர்ந்த கிளையின் நுனி மொட்டிலிருந்துதான் வருகிறது. வேரடியில் ஈரமும் சூழலில் வெப்பமும் இருந்தால் அதே மொட்டு தளிராகிவிடும். புதுத் தளிர் முதிர்வதற்குள் அந்த ஆண்டின் பருவம் கடந்துவிடும். ஆகவே காய்க்கும் மரத்திற்குப் பூக்கும் காலத்திற்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே நீரை நிறுத்துகிறார்கள். வறட்சி நேரடியாகப் பூவை உண்டாக்குவதில்லை, தளிர் விடுவதைத் தடுத்துக் கிளையை முதிர வைக்கிறது என்பதே சரியான விளக்கம். இரவுக் குளிர் நன்றாக இறங்கும் இடங்களில் குளிரே பூக்கத் தூண்டிவிடும். குளிர் போதாத வெப்பப் பகுதிகளில்தான் இப்படி நீரை நிறுத்திக் காயவிடுவதற்கு மதிப்பு அதிகம். இலைகள் நிரந்தரமாகச் சுருண்டு உதிரும் அளவுக்குக் காயவிடுவதும் தவறு, மணற்பாங்கான நிலத்தில் அந்த எல்லை விரைவில் வந்துவிடும்.

பூத்தவுடன் மகிழ்ச்சியில் நீரைத் திறந்துவிடாதீர்கள். பிஞ்சு பிடித்துப் பட்டாணி அளவை எட்டும்போது மிதமாகத் தொடங்கி, படிப்படியாகக் கூட்டுவதே நல்லது. மரத்தின் மேல் நீர் தெளிக்கும் முறை பூக்காலத்தில் கூடாது. நனைந்த கொத்தில் ஆந்த்ராக்னோஸ் எனும் பூங்கருகல் நோய் எளிதில் பற்றும்.

விளைச்சலை உண்மையில் தீர்மானிப்பது அடுத்த சில வாரங்கள். பிஞ்சின் செல்கள் பெருகுவது அப்போதுதான், பிஞ்சு மிகுதியாக உதிர்வதும் அப்போதுதான். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருந்தாலும் ஒன்றிரண்டு காய்கள் நின்றால் அதுவே நிறைவு. ஆகையால் உதிர்வைக் கண்டு பதற வேண்டாம், ஆனால் நீர்க்குறையால் அதைப் பெருக்கவும் வேண்டாம். களிமண் நிலத்தில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும், மணலில் இடைவெளி குறைய வேண்டும். நீரை அடிமரத்தில் ஊற்றாமல் கிளைப் பரப்பின் விளிம்புக்குக் கீழே வட்டப்பாத்தி எடுத்துப் பாய்ச்சுங்கள். நெடுநாள் காயவிட்டுத் திடீரென்று வெள்ளமாகப் பாய்ச்சினால் முதிரும் காய் வெடிக்கும்.

அறுவடைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் நீரைக் குறைப்பது சுவைக்கு நல்லது. எடைக்காகக் கடைசி வரை பாய்ச்சுபவர்கள் உண்டு. பழம் பருத்தாலும் இனிப்பு நீர்த்துப்போகும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

பறித்து முடித்த பின் மீண்டும் ஒரு நல்ல பாய்ச்சல் தேவை. அடுத்த ஆண்டு பூக்க வேண்டிய கிளை அப்போது விடும் தளிரிலிருந்துதான் உருவாகிறது. அது தாமதமானால் முதிர்வும் தாமதமாகும்.

நட்டு முதல் மூன்று நான்கு ஆண்டுகள் வரையுள்ள கன்றுகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவற்றின் வேரடி ஒருபோதும் முழுதாகக் காயக் கூடாது.