சந்தா கட்டியவருக்கும் 502 வருவது ஏன்?

கேள்வி: போட்டித் தேர்வுகளுக்கான மாதிரித் தேர்வுத் தளம் நடத்துகிறேன். 4 ஜிபி ராம், 2 கோர் விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்). என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி நிரலை ஓட்டுவது), மரியாடிபி (டேட்டாபேஸ்). ஞாயிறு மாலை 7 மணிக்குத் தேர்வு திறந்ததும் இலவசப் பயனர்கள் மொய்த்துவிடுகிறார்கள். சந்தா கட்டிய 600 பேருக்கும் 502 பிழைதான் (பின்னால் ஓடும் செயலியிடமிருந்து பதில் இல்லை) வருகிறது. ஹோஸ்டிங் விற்றவர் ‘பிரீமியம் டிராஃபிக் பிரயாரிட்டி’ என்று மாதக் கட்டணத்தில் ஒன்றை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் நெரிசல் நெட்வொர்க்கில் இல்லை, பிஎச்பி வாசலில் இருக்கிறது. யார் சந்தாதாரர் என்பது உங்கள் செயலிக்கு மட்டுமே தெரியும். அந்த அடையாளம் குக்கியில் இருக்கிறது, குக்கி ஹெச்டிடிபிஎஸ் உறைக்குள் இருக்கிறது. வழியில் நிற்கும் ரௌட்டரால் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. பிறகு எதை வைத்து அவர் முன்னுரிமை தருவார்? “வரிசை எந்த இடத்தில் நிற்கிறது, அங்கே என் சந்தாதாரரை எப்படி அடையாளம் காண்பீர்கள்?” என்று விற்பவரிடம் கேளுங்கள். பேச்சு உடனே 16 ஜிபி திட்டத்துக்குத் தாவும்.

இன்னொரு வியாபாரமும் உண்டு. ‘ஹெச்டிடிபி முன்னுரிமை வசதி உள்ள சர்வர்’ என்பார்கள். வசதி உண்மைதான், 2022இல் வந்த ஆர்எஃப்சி 9218 என்ற இணையத் தர ஆவணம். அதில் அவசர அளவு 0 முதல் 7 வரை. ஆனால் அது ஒரே ஆளின் இணைப்புக்குள் எந்தக் கோப்பு முதலில் போகவேண்டும் என்பதைச் சொல்வது, அதாவது ஸ்டைல் கோப்பு முன்னால், படம் பின்னால். ராமனுக்கு முன் சோமனா என்ற கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது நடப்பது இதுதான். எஃப்பிஎம் நிறுவியதும் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ என்ற ஒரே பூல் (வொர்க்கர்களின் குழு) கிடைக்கிறது. ஒரு வொர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். எல்லாரும் அந்த ஒரே வரிசையில் வந்த நேரப்படி நிற்கிறார்கள். சிறப்புத் தரிசனச் சீட்டு விற்றுவிட்டு, பொதுத் தரிசன வரிசையிலேயே நிறுத்திவைத்தது போல. வரிசையைப் பிரித்தால் பாதிச் சிக்கல் தீரும், செலவும் இல்லை.

முதலில் கணக்கு. இயங்குதளத்துக்கும் என்ஜின்எக்ஸுக்கும் 500 எம்பி, மரியாடிபிக்கு 1.2 ஜிபி விட்டால் ஏறக்குறைய 2.3 ஜிபி மிஞ்சும். நெரிசல் நேரத்தில் ‘டாப்’ கட்டளையில் ஒரு பிஎச்பி வொர்க்கர் எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்று பாருங்கள். 75 எம்பி என்றால் மொத்தம் 30 வொர்க்கர். அதற்கு மேல் போட்டால் ஸ்வாப்பில் (ராம் போதாதபோது பயன்படும் வட்டுப் பகுதி) விழுந்து எல்லாருக்குமே நின்றுவிடும். அந்த 30ஐ நான்கு பூலாகப் பிரியுங்கள்: சந்தாதாரருக்கு 16, இலவசத்துக்கு 9, லாகினுக்கு 3, பணம் செலுத்தும் வழிக்கு 2. ஒவ்வொன்றுக்கும் தனி சாக்கெட் (என்ஜின்எக்ஸ் அந்தப் பூலுடன் பேசும் வாசல்). சந்தா பூலை ‘ஸ்டாட்டிக்’ முறையில் வையுங்கள், 16 வொர்க்கரும் எப்போதும் தயாராக நிற்கும். ‘டைனமிக்’கில் விட்டால் சரியாக 7 மணிக்குத்தான் புது வொர்க்கர்களை உருவாக்கத் தொடங்கும்.

2 கோர்தான் இருக்கிறது என்பதால் இலவசப் பூல் சிபியுவையும் தின்னும். அந்தப் பூலின் அமைப்புக் கோப்பில் ‘பிராசஸ் பிரயாரிட்டி’ 10 என்று போடுங்கள். எண் கூடினால் முன்னுரிமை குறையும், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது ‘லிசன் பேக்லாக்’, அதாவது பூலின் வாசலில் எத்தனை கோரிக்கை காத்திருக்கலாம் என்ற வரம்பு. இதை யாரும் தொடுவதில்லை. லினக்ஸில் எஃப்பிஎம் தரும் மதிப்பு 511. இலவசப் பூலில் 9 வொர்க்கர், ஒரு பக்கத்துக்கு 0.4 நொடி என்றால் நொடிக்கு 22 பக்கம். வரிசையில் 511 பேர் நின்றால் கடைசி ஆளுக்கு 23 நொடி. எந்த மாணவர் 23 நொடி பொறுப்பார்? ரீஃப்ரெஷ் அழுத்துவார். அவர் விட்டுப்போன பழைய கோரிக்கை வரிசையிலேயே நிற்கும், முறை வந்ததும் வொர்க்கர் அதற்கும் முழுப் பக்கத்தைத் தயாரித்து ஆளில்லாத இடத்துக்கு அனுப்பும். இந்த வீண்வேலைதான் உங்கள் சர்வரைக் கொல்கிறது. இலவசப் பூலுக்கு 40 போதும். நிரம்பினால் என்ஜின்எக்ஸ் உடனே 502 தரும். ‘எரர் பேஜ்’ வழியாக அதை 503 (இப்போது சேவை இல்லை) ஆக்கி, ‘இரண்டு நிமிடம் கழித்து வாருங்கள்’ என்ற வெறும் ஹெச்டிஎம்எல் பக்கத்தைக் காட்டுங்கள். அந்தப் பக்கத்தில் தானியங்கி ரீஃப்ரெஷ் வைக்காதீர்கள், கூட்டம் மொத்தமும் ஒரே நொடியில் திரும்பி வரும்.

யாரை எந்தப் பூலுக்கு அனுப்புவது? ‘பிளான் = கோல்ட்’ என்று குக்கியில் எழுதி, அதை என்ஜின்எக்ஸ் ‘மேப்’பில் (மதிப்பைப் பார்த்து வழி பிரிக்கும் விதி) பார்க்கச் சொல்லும் வழிமுறைகள் இணையமெங்கும் கிடக்கின்றன. பிரவுசரில் எஃப்12 அழுத்தத் தெரிந்த எந்த மாணவரும் அரை நிமிடத்தில் கோல்ட் ஆகிவிடுவார். சந்தாதாரர் லாகின் ஆனதும் அவருக்கு மட்டும், பயனர் எண், காலாவதி நேரம், ரகசியச் சொல் மூன்றையும் சேர்த்துக் கையொப்பமிட்ட குக்கி கொடுங்கள். என்ஜின்எக்ஸின் ‘செக்யூர் லிங்க்’ மாட்யூல் அதைச் சரிபார்க்கும். சரி என்றால் 1, காலாவதி என்றால் 0, பொய் என்றால் வெற்று. 1 வந்தால் மட்டும் சந்தா பூல், மற்றதெல்லாம் இலவசம். ஐபி முகவரியை வைத்து ஆளை எண்ணாதீர்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் ஏராளமானோர் இருப்பார்கள்.

பெரும்பாலானவர் கோட்டைவிடும் இடம் பணம் வரும் வழி. பேமெண்ட் கேட்வேயிலிருந்து ‘பணம் வந்தது’ என்று சொல்லும் வெப்ஹுக், கேட்வேயின் சர்வரிலிருந்து வருகிறது. அதனிடம் உங்கள் குக்கி இருக்காது. அதனால் உங்கள் விதிப்படி அது ‘இலவசப் பயனர்’, நெரிசலில் 503 வாங்கித் திரும்பிப் போகும். கேட்வே பிறகு மறுபடி முயலும், ஆனால் உடனே அல்ல. அதற்குள் பணம் கட்டியவர் தளத்துக்கு வந்தால் இன்னும் இலவச வரிசையிலேயே நிற்பார், கோபத்தில் இரண்டாம் முறையும் பணம் கட்டுவார். அவரைத் திருப்பி அனுப்பும் ‘நன்றி’ பக்கமும் அப்படித்தான், அந்த நிமிடத்தில் அவர் குக்கி பழைய குக்கி. ஆகவே வெப்ஹுக் பாதை, திரும்பி வரும் பாதை இரண்டையும் தனி ‘லொகேஷன்’ ஆக எழுதி அந்த 2 வொர்க்கர் பூலுக்கு அனுப்புங்கள். ‘லிமிட் ரெக்’ (ஒரே ஐபியிலிருந்து வரும் கோரிக்கை வேகத்துக்கு வரம்பு) கட்டுப்பாடு எதுவும் அங்கே வேண்டாம். வெப்ஹுக்குகள் ஒருசில ஐபியிலிருந்தே கொத்தாக வரும், கட்டுப்பாடு அவற்றைத்தான் முதலில் பிடிக்கும். கையொப்பத்தைச் சரிபார்த்து, பதிவு செய்து, 200 சொல்லி அனுப்பிவிடுங்கள். மின்னஞ்சல், ரசீது எல்லாம் பிறகு. ‘நன்றி’ பக்கத்திலேயே புதிய குக்கியைக் கொடுத்துவிடுங்கள்.

லாகினுக்குத் தனிப் பூல் எதற்கு என்றால், உள்ளே வரும்வரை சந்தாதாரரும் அநாமதேயர்தான்.

வரிசைகளைப் பிரித்தாலும் கருவறை ஒன்றுதான், அதாவது டேட்டாபேஸ். இலவசப் பயனர் ரேங்க் பட்டியலைத் திறக்கும் ஒரு கனமான வினவல் எல்லாரையும் நிறுத்தும். இலவசப் பூலுக்குத் தனி டேட்டாபேஸ் பயனரை உருவாக்கி, மரியாடிபியில் அவருக்கு ‘மேக்ஸ் ஸ்டேட்மெண்ட் டைம்’ 3 நொடி என்று வரம்பு வையுங்கள். பயனர் பெயரைப் பூல் கோப்பிலேயே ‘என்வ்’ (சூழல் மாறி) மதிப்பாகக் கொடுக்கலாம்.

ஒரே வரிசைக்குள்ளேயே முந்தவிடும் உண்மையான முன்னுரிமை வேண்டுமானால் ஹெச்ஏபிராக்ஸி (கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் மென்பொருள்) 1.9 முதல் ‘செட் பிரயாரிட்டி கிளாஸ்’ இருக்கிறது. அங்கும் எண் குறைவானவரே முதலில். சர்வர் வரியில் ‘மேக்ஸ்கான்’ (ஒரே நேர இணைப்பு வரம்பு) எழுதாவிட்டால் வரிசையே உருவாகாது, முன்னுரிமையும் வேலை செய்யாது. 600 சந்தாவுக்கு இப்போது அது தேவையில்லை.

ஷேர்ட் ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு இவை எதுவும் ஆகாது. ‘அன்லிமிடெட்’ என்று விற்பார்கள், ஒரே நேரத்தில் ஓடும் பிராசஸ் எண்ணிக்கையை அடியில் கட்டிப்போட்டு 508 பிழை காட்டுவார்கள். அந்த எண்ணை விலைப்பட்டியலில் போட ஏன் இவ்வளவு தயக்கமோ!

புதன்கிழமை போல ஒரு நாளில் சோதியுங்கள். ‘ஏபி’ என்ற சுமைச் சோதனைக் கருவியால் இலவசப் பக்கத்தை 100 இணைப்பில் அடித்துக்கொண்டே, இன்னொரு திரையில் சந்தாதாரராகத் தேர்வைத் திறந்து பாருங்கள். எஃப்பிஎம் ஸ்டேட்டஸ் பக்கத்தை ‘பிஎம் ஸ்டேட்டஸ் லிசன்’ வழியாகத் தனி சாக்கெட்டில் வையுங்கள் (பிஎச்பி 8.0 முதல் உண்டு). இல்லையென்றால் பூல் நிரம்பிய நேரத்தில் அந்தப் பக்கமும் வரிசையில் நிற்கும். ‘மேக்ஸ் சில்ட்ரன் ரீச்ட்’ எண் இலவசப் பூலில் ஏறலாம். ‘ஸ்டாட்டிக்’ பூலில் அந்த எண் ஏறவே ஏறாது, அதனால் சந்தா பூலில் ‘மேக்ஸ் ஆக்டிவ் பிராசஸஸ்’ எண்ணைப் பாருங்கள், அது 16ஐத் தொடக்கூடாது. தொட்டால் இலவசத்திலிருந்து 3 வொர்க்கரை எடுத்து இங்கே சேருங்கள். கண்ட்ரோல் பேனல் வைத்திருந்தால், அப்டேட்டுக்குப் பிறகு உங்கள் பூல் கோப்புகளைப் பேனல் அழித்து எழுதியிருக்கிறதா என்று ஞாயிறு மதியமே பார்த்துவிடுங்கள்.