பின்வாசல் வழியாகப் போன நாள்

வணக்கம் அம்மா. எனக்கு 31 வயது. மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி (குமாஸ்தா) வேலை. போன மாதச் சம்பளக் கணக்கில் தப்புச் செய்துவிட்டேன். எங்களிடம் ஒரே பெயரில் இரண்டு வெட்டுக்காரர்கள் உண்டு. ஒருவர் இரண்டு நாள் வெட்டிய குலைகளை மற்றவர் கணக்கில் ஏற்றிவிட்டேன். 3ஆம் தேதியே தெரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை.

சம்பளம் போட்ட மறுநாள், காசு குறைந்துபோன அந்த வெட்டுக்கார மாமா, சம்பளச் சீட்டை நான்காக மடித்துக் கையில் பிடித்தபடி ஆபீஸ் வாசலில் நின்றார். நான் பின்வாசல் வழியாகப் போய் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எடுத்துக்கொண்டு, டவுனில் சாய்ந்த கோபுரத்தடியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். என்னைப் பெற்ற அம்மாதான் பெரிய கிராணி அக்காவுக்குப் போன் போட்டு, பையனுக்கு உடம்பு சரியில்லை என்றார். கணக்கை அக்காதான் சரிசெய்தார். மறுநாள் அவர் என்னைக் கேட்டபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. தப்பும் என்னுடையது, கோபமும் எனக்கே. நான் எப்போது அம்மா பெரியவனாவேன்?

*

அன்புள்ள தம்பி,

அந்தச் சீட்டு நான்காக மடித்திருந்தது வரை உங்களுக்கு நினைவிருக்கிறது. அதைப் படித்ததும் எனக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்தது.

பின்வாசலைத் தாண்டியதும் மனசு லேசாகியிருக்கும், இல்லையா? சிக்கல் அங்கேதான். தப்பித்த நிம்மதி ருசித்துவிட்டால், அடுத்த முறை கால் தானாக அந்தப் பக்கம் போகும். இதைத் திமிர் என்று நான் சொல்ல மாட்டேன். திட்டு விழும் என்று சின்னப் பிள்ளை கட்டிலடியில் ஒளிகிற பயம் இது. நமக்குள் பெற்றோர், பெரியவர், குழந்தை என மூன்று நிலைகள் மாறி மாறி வருவதாக எரிக் பெர்ன் என்ற மனநல மருத்துவர் சொன்னார். அக்கா கேட்டது வேலைக் கேள்வி. உங்கள் காதில் விழுந்ததோ பெற்றோரின் அதட்டல். உடனே உள்ளே இருந்த குழந்தை முறுக்கிக்கொண்டது. உங்கள் அம்மா போன் செய்தது பாசத்தில்தான். ஆனாலும் இனி உடம்பு நிஜமாகவே சரியில்லாவிட்டாலும் அந்தப் போனை நீங்களே பேசுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். சட்டப்படி மாதம் முடிந்து 7 நாளுக்குள் கூலி கைக்கு வர வேண்டும். 3ஆம் தேதி சொல்லியிருந்தால் திருத்த நான்கு நாள் இருந்தது. வெயிலில் குலை வெட்டியவர் தன் காசுக்காக வாசலில் நிற்க வேண்டி வந்திருக்காது.

சரி, திங்கட்கிழமை பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆட்கள் காட்டுக்குப் போகுமுன் அவரிடம் போங்கள். "மாமா, கணக்கைத் தப்பாக ஏற்றியது நான்தான். தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்." இவ்வளவு போதும். பெயர்க் குழப்பத்தை இழுக்காதீர்கள். அவர் கோபப்பட்டால் நின்று கேளுங்கள். நெஞ்சு படபடக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அப்புறம் அக்காவிடம் பேசுங்கள். தப்பு தெரிந்தால் அன்றைக்கு ஆபீஸ் பூட்டுவதற்குள் சொல்லிவிடுவதாக அவருக்கு வாக்குக் கொடுங்கள்.

அந்த இரண்டு வெட்டுக்காரர்களின் ஆள் நம்பரையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். அடுத்த மாதச் சம்பளம் போட்டதும் எனக்கு எழுதுங்கள்.